கடன் செல்லாது: கூடலூர் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 6, வெள்ளி. ஊட்டி

வருகிற திங்கட்கிழமையோடு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்கு 50 வயது. 1975 அக்டோபர் 25 அன்று அவசரச் சட்டமாக நடைமுறைக்கு வந்து, 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு முழுச் சட்டமானது. அதனால்தான் தமிழ்நாட்டில் வருடாவருடம் பிப்ரவரி 9 அன்று அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். என் தோழி வழக்கறிஞர். இந்தத் தேதி நெருங்கினாலே ஏதாவது ஓர் ஊரில் தெரு நாடகம் போட ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்த வருடம் கூடலூர். கல்லூரி மாணவர்கள் சிலர், இரண்டு பறை, ஒரு மூட்டைத் துண்டறிக்கை, அப்புறம் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். "செலவுக் கணக்கை மட்டும் நீ பார்த்துக்கோடி, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக் கொட்டியது. குன்னூரில் பையைத் துழாவி ஸ்வெட்டர் எடுத்தோம். ஊட்டியில் இறங்கும்போது மணி ஆறு, வாயைத் திறந்தால் புகை. வாரக் கடைசி என்பதால் அறை வாடகையெல்லாம் ஏறிக் கிடந்தது. ஒரு விடுதியில் பேசிப் பேசி, எங்கள் இருவருக்கும் 1,800 ரூபாய்க்கு ஓர் அறை பிடித்தோம். வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. கேட்டதும் ஒரு பையன் முகம் சுளிக்காமல் கீழிருந்து வாளியில் தூக்கி வந்தான். இருபது வயது இருக்கும். அசாம்காரன், தமிழ் நன்றாகவே பேசினான்.

தோழி அவனிடம் விசாரித்த விதத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை. கடைசியாக ஊருக்கு எப்போது போனாய், போகும்போது பாக்கி இல்லாமல் சம்பளம் கைக்கு வந்ததா, ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, வேறு இடத்தில் கூடுதலாகக் கொடுத்தால் நாளைக்கே போய்விட முடியுமா. துர்கா பூஜைக்குப் போய் வந்தானாம். ஆதாரைச் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் காட்டினான். மார்ச் மாதம் வேறு விடுதிக்கு மாறப் போகிறானாம். அவன் போனதும், "கஷ்டப்படுறான், ஆனா கட்டிப் போடப்படலை" என்றாள். வெளி மாநிலத்திலிருந்து வந்த எல்லாரையும் அடிமை என்று சொல்லிப் பரிதாபப்படுகிறவர்களும் சரி, இந்தக் காலத்தில் அடிமையாவது ஒன்றாவது என்கிறவர்களும் சரி, இந்த நான்கு கேள்விகளைக் கேட்பதில்லை.

பிப்ரவரி 7, சனி. நடுவட்டம், கூடலூர்

காலையில் புல் முழுக்க உறைபனி. கார்க் கண்ணாடிகளில் ஓட்டுநர்கள் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கால் கிலோ வர்க்கி 60 ரூபாய், டீ 15. வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிடுவதற்குள் டீ ஆறிவிட்டது.

பைக்காரா தாண்டிய வளைவுகளில் ஒரு பையனுக்கு குமட்டல் தாங்கவில்லை. நடுவட்டத்தில் எல்லாருமே இறங்கிவிட்டோம். சாலையோரப் பெட்டிக்கடை அக்கா, கேட்காமலே எலுமிச்சையை அரிந்து உப்பு தடவிக் கொடுத்தார். காசு நீட்டினால், "வாந்திக்குப் போய் யாராச்சும் காசு வாங்குவாங்களா" என்று கையைத் தட்டிவிட்டார். அவர்தான் சொன்னார், அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, ஜெயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று.

1860களில் இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் சிங்கோனா வைத்தார்கள். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொய்னா. மரம் நட, களை வெட்ட இந்தக் குளிருக்கு ஆள் கிடைக்கவில்லை. மலாய்ப் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து தண்டனை பெற்ற சீனர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே அடைத்து வேலை வாங்கினார்கள். தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு நடுவட்டத்தைச் சுற்றியே குடியேறி, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தடித்த சுவர், குறுகிய ஜன்னல். உள்ளே நின்றபோது பகல் வெயிலிலும் பல் கிட்டியது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தோழி மாணவர்களிடம் சொன்ன ஒரு கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அறிவித்தது 1843இல். அதற்குச் சரியாகப் பதினாறு வருடம் கழித்து, 1859இல், இன்னொரு சட்டம் வருகிறது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை முடிக்காமல் போனால் மாஜிஸ்திரேட் அவனைப் பிடித்துவரச் சொல்லலாம், வேலைக்குத் திரும்பு என்று உத்தரவு போடலாம், மறுத்தால் சிறையில் தள்ளலாம். முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. தோட்ட முதலாளிகளுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தோதாக இருந்திருக்கும்! அது நீக்கப்பட 1920கள் வரை ஆனது. ஆனால் 'காசு வாங்கினாய் அல்லவா, வேலை செய்' என்ற அதன் பேச்சு நம் ஊர்களில் இன்றைக்கும் நியாயமாகவே கேட்கிறது.

மலை இறங்கிக் கூடலூர் வந்தால் ஸ்வெட்டர் மறுபடி பைக்குள். ஊரே காப்பிக்காய் வாசனை. வீட்டு முற்றம், மொட்டை மாடி, சாலையோரம் எங்கும் ரொபஸ்டா காய்கிறது. பஜாரில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். கப்பையும் மத்திக் கறியும் 90 ரூபாய்க்கு வயிறு நிறைய. கறி காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது, ஆனாலும் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு ஒருவர் பேச்சுக்கு வந்தார். ஒன்றரை ஏக்கர் தேயிலைக்காரர், அறுபதை நெருங்கும் வயது. கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஆளுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிட்டு வர்றேன். நாலு நாள்ல சொல்லாம கொள்ளாம ஓடிப் போறான். பச்சை இலைக்கு ஃபேக்டரில விலை கிடையாது, காசும் போச்சு, ஆளும் போச்சு. நான் என்னம்மா பெரிய முதலாளியா? நீங்க அவங்களுக்கு மட்டும் பேச வந்துட்டீங்க."

தோழி அவரை மறிக்காமல் முழுவதும் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "அண்ணா, அட்வான்ஸ் கொடுக்கிறது குத்தமில்லை. அதைக் காட்டி ஆளைப் பிடிச்சு வைக்கிறதுதான் குத்தம். அவன் போன் உங்ககிட்ட, ஆதார் உங்ககிட்ட, கணக்கு உங்க கையில, வேற இடத்துல வேலைக்குப் போகக் கூடாது, அரசாங்கக் கூலியவிடக் கம்மின்னு வந்தா, அந்தக் கடனே செல்லாதுன்னு சட்டம் சொல்லுது. அது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியதும் கொடுத்தவர்தான்."

"அப்ப என் பத்தாயிரம்?"

"பணத்துக்குப் பணமா கேளுங்க, கோர்ட்டுல போடுங்க. மனுஷனைக் கேட்காதீங்க."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது எங்கள் எல்லாருடைய டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் நஷ்டம் உண்மை, எனக்கு அவர் மேல் வருத்தமே ஒழியக் கோபமில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் பொருளாக ஒரு மனிதனின் கால்களை எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. இதில் நான் ஓர் அங்குலம்கூட இறங்கிவரத் தயாராக இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு. பந்தலூர்ப் பக்கம்

இன்று பணியர் என்ற பழங்குடியினரின் பாடி (குடியிருப்பு) ஒன்றுக்குப் போனோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, காரணம் படித்தால் புரியும். ஜீப் வாடகை 1,500 பேசினோம். தேவாலா தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து மண் சாலையில் டயர் போனது. ஸ்டெப்னியை மாற்றிக் கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் எதிரே பைக்கில் வந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். யானை. ஒரு தாயும் குட்டியும் சாலையை விட்டு நகர மனமில்லாமல் நின்றன. ஓட்டுநர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு, "அவங்க வழி, அவங்க போகட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

பாடியில் எங்களுக்குக் கட்டன் சாயாவும் வேகவைத்த கிழங்கும் கிடைத்தன. எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பேச்சு மலையாளமும் தமிழும் பணிய மொழியும் கலந்தது. பேத்தி இடையில் இருந்து தமிழாக்கினாள்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதி 1877 வரை வயநாட்டோடு இருந்தது. எல்லை மாறினாலும் பழைய முறை மாறவில்லை. மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழா மார்ச் மாதம் நடக்கும். நிலக்காரர்கள் அங்கேதான் பணியர், அடியர் குடும்பங்களை அடுத்த ஒரு வருடத்துக்குப் பேசி முடிப்பார்கள். அம்மன் சந்நிதியில் வைத்து ஒரு சிறு தொகை கொடுத்தால், அதோடு அந்த வருடம் முழுக்க அவர்கள் அந்த வயலுக்கே சொந்தம். இடையில் போனால் அம்மன் கோபம். தினக்கூலி நெல்லாக, வல்லி என்று அளப்பார்கள். பாட்டியின் அம்மா அப்படிக் கைமாறியவர். "அம்மை என்னையும் இடுப்பில வெச்சுத்தான் போனா. திருவிழான்னு எனக்குச் சந்தோஷம். எனக்கு என்ன தெரியும்" என்றார் பாட்டி.

1986இல் கூடலூரில் அக்கார்டு என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பர் 5 அன்று சுமார் பத்தாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். பாட்டி அதில் நடந்தவர். "அதுவரைக்கும் பஜாருக்குப் போனா ஓரமாத்தான் நடப்போம். அன்னிக்கு நடு ரோட்டுல நடந்தேன்." அதைச் சொல்லும்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மக்கள் தங்களுக்கென்று அஸ்வினி மருத்துவமனை வரை கட்டியெழுப்பியது அந்த நடைக்குப் பிறகு வந்த கதை. சட்டம் 1976இல் வந்தது, இங்கே அதற்கு உயிர் கொடுத்தது இவர்களே கூடி நின்ற அந்தப் பலம்தான் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அந்த வயல்காரர்கள் இல்லை. இப்போது ஜீப் வருகிறது. குடகுக்குக் காப்பி பறிக்க, இஞ்சித் தோட்டத்துக்கு என்று ஏஜென்ட் வந்து, இருக்கிற கஷ்டத்தைப் பார்த்து ஒரு தொகையைக் கையில் திணித்துவிட்டு ஏற்றிக்கொண்டு போகிறான். போனவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வதில்லை. பருவம் முடிந்து கூலியோடு திரும்புகிறவர்கள் நிறைய. மாட்டிக்கொண்ட ஒருவர் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஜூன் மாதம் மனைவியோடு போனவர், மனைவியின் தம்பியும் அவன் மனைவியும் கூட. அப்பா இறந்துவிட்டதால் போன வாரம் அனுப்பினார்களாம், தம்பியும் தம்பி மனைவியும் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் திரும்பி வந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் என்று சொல்லி.

வீட்டுக்குள் போய், பாலித்தீன் கவரில் சுற்றிய ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, ஓரமெல்லாம் இஞ்சி மண். மேஸ்திரி எழுதிய கணக்கு. இவருக்குப் படிக்க வராது, எட்டாவது படிக்கும் மகள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். தோழி நோட்டை வாங்கி நேராக என் மடியில் வைத்தாள். "உன் வேலைடி இது."

செப்டம்பர் மாதப் பக்கத்தை அப்படியே தருகிறேன். வரவு: அவருக்கு 24 நாள், 350 வீதம் 8,400. மனைவிக்கு 22 நாள், 250 வீதம் 5,500. மொத்தம் 13,900. பற்று: அரிசி, சாமான் 5,200. ஷெட் வாடகை 1,500. மருந்து 900. மழைக்கோட்டு 600. ஜீப் 800. பாட்டில் 3,000. லீவு நாலு நாள் 1,400. கடைசி வரியில், வேறு மையில், வட்டி 2,000. மொத்தம் 15,400. ஆக, இரண்டு பேர் ஒரு மாதம் மழையில் நின்று உழைத்ததற்குப் பலன், 20,000 ரூபாயாக இருந்த கடன் 21,500 ஆனது.

எத்தனையோ கம்பெனிக் கணக்கு பார்த்திருக்கிறேன். கூட்டல், கழித்தலில் ஒரு பிழை இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தான் தங்கிய தகரக் கொட்டகைக்குத் தானே வாடகை. காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லாததோடு, கூலி அளவுக்கு அபராதம் வேறு. வாரக் கடைசியில் மேஸ்திரியே சாராய பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதையும் எழுதிக்கொள்கிறான். நூற்றுக்குப் பத்து மாத வட்டி. ஒரே வரிசையில் நின்று ஒரே இஞ்சியைத் தோண்டிய மனைவிக்கு நூறு ரூபாய் குறைவு. சம ஊதியச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். ஜனவரிப் பக்கத்தின் அடியில் 31,000 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று ஓடியது. கல்யாணத்துக்கு உதவும், மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார், முடிவில் மொத்தமாகப் பணம் என்பார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி இரண்டாம் வருடம் உடம்பு முடியாமல் திரும்பிவந்தாள், பாதியில் வந்ததால் அந்தப் பணம் கிடையாது என்றுவிட்டார்கள். இஞ்சித் தோட்டத்தில் முன்னால் கொடுத்துப் பிடிக்கிறார்கள், மில்லில் பின்னால் தருவதாகச் சொல்லிப் பிடித்தார்கள்.

1982இல் ஏசியாட் என்ற டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பைத் தோழி அந்தத் திண்ணையில் வைத்தே விளக்கினாள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவின்படி அது கட்டாய உழைப்புதான். வயிற்றுப் பசி தள்ளிக்கொண்டு வந்தாலும் அது கட்டாயம்தான். நோட்டைக் கொண்டுவந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ நான் அவங்களுக்குத் தர வேண்டியது?"

"ஒண்ணுமில்லைண்ணா. அந்தக் கடன் செல்லாது."

அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வந்து, "எழுதித் தருவாங்களா?" என்று கேட்டார். தருவார்கள். விடுவிப்புச் சான்றிதழ் என்று பெயர். மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

இரவு கூடலூர் திரும்பினோம். ஓட்டுநர் அண்ணன் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள். கூடலூர்

காலையில் அலுவலக வாசலில் ஊழியர்கள் வரிசையாக நின்று வலக்கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். நாங்களும் பின்னால் நின்று சொன்னோம்.

நாடகத்துக்கு முன்னால் ஒரு சிக்கல். ஊட்டிக் குளிரில் பறைகளின் தோல் தொய்ந்து போயிருந்தது, தட்டினால் சத்தமே எழும்பவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே விறகடுப்பில் பரோட்டா போடும் கடை. மாஸ்டர் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி, "காட்டுங்க, காட்டுங்க" என்று இடம் விட்டார். சூடேறிய பறையை முதலில் அடித்துப் பார்த்தவரும் அவர்தான்.

நாடகம் இருபது நிமிடம். துண்டறிக்கையின் முதல் பக்கத்தில் முன்பு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) கணக்கு இருந்தது: 2021இல் உலகில் 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில், அதில் 2.8 கோடிப் பேர் கட்டாய உழைப்பில், மற்றவர்கள் கட்டாயத் திருமணத்தில். இந்த முறை தோழி அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். முதல் பக்கத்தில் அந்த நான்கு கேள்விகளும், இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணும், குழந்தைகளுக்கான 1098ம் மட்டும். சரியான முடிவு. கோடிகளைக் கேட்டால் ஆட்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். "உன் ஆதார் யாரிடம்?" என்று கேட்டால் நிற்கிறார்கள்.

ஏஜென்டாக நடித்த பையன் கூட்டத்துக்குள் புகுந்து ஐநூறு ரூபாய்த் தாளை நீட்ட, மூட்டை தூக்கும் ஒருவர் விளையாட்டாக வாங்கிவிட்டார். உடனே நடிகர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு நகர விடவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு நிமிடம் ஆகியும் விடாததால் அவர் முகம் மாறியது. தாளைத் திருப்பி நீட்டினார். "வட்டி?" என்றான் ஏஜென்ட். அப்போது கூட்டத்தில் சிரிப்பு இல்லை.

முடிந்ததும் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வந்து பேசினார். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இந்த மலையில் தேயிலைத் தோட்டங்களை 1968இல் தொடங்கியது. "எங்க பாட்டி துண்டு, துண்டுன்னு சொல்லும் கண்ணு. கங்காணி அதைக் கையில வெச்சிருந்தா வேற தோட்டத்துக்குப் போக முடியாதாம்." தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. எந்தத் தோட்டம் அந்தக் கடனை அடைக்கிறதோ, ஆள் அங்கே போக வேண்டும். இலங்கையில் 1921இல் அதை ஒழித்தார்கள். நேற்று என் மடியில் இருந்த நோட்டும் அதே சீட்டுதான், நாற்பது பக்கமாக.

மத்தியானம் நோட்டு வைத்திருந்த அந்த அண்ணன் மகளோடு வந்துவிட்டார். வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கூட்டி வந்தவர் நம் ஜீப் ஓட்டுநர், அவராகவே போய் அழைத்து வந்திருக்கிறார். மனு எழுத உட்கார்ந்தபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. தோட்டம் எந்த ஊரில் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ராத்திரியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள், சந்தைக்கு விட்டதில்லை, போன் மேஸ்திரியிடம். நடந்தது கர்நாடகத்தில் என்பதால் இங்கிருந்து அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். எந்த ஊர் என்று எழுதுவது?

மகள் தன் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். அம்மா என்றோ ஒருநாள் யாருடைய போனிலிருந்தோ அனுப்பியது. இஞ்சி கழுவுகிறார்கள், பின்னால் ஒரு கட்டடம், அதில் கன்னடப் பலகை பாதி தெரிகிறது. எங்களில் யாருக்கும் கன்னடம் வராது. ஓட்டுநர் அண்ணன் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். குண்டல்பேட்டைக்குக் காய்கறி ஏற்றப் போய்ப் பழகியவர்.

"பால் சொசைட்டி போர்டு, அக்கா. ஊர் பேர் இருக்கு."

மனுவில் ஊர்ப் பெயர் ஏறியது. பழங்குடியினர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் தோழி சேர்த்தாள், அதிலும் கொத்தடிமை வேலை வாங்குவது குற்றம். அலுவலகத்தில் அதிகாரி அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்டார். நோட்டை நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தார். முதலில் அந்த இரண்டு பேரை வெளியே கொண்டுவருவது, மற்றது பிறகு என்று அங்கேயே பேசி முடிவானது.

ராத்திரி சாப்பிடும்போது தோழி சட்டத்தின் பலவீனத்தையும் சொன்னாள். 1976 சட்டப்படி உச்சபட்சத் தண்டனை மூன்று வருடச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். அந்த 2,000 இன்னும் 2,000ஆகவே இருக்கிறது. ஊட்டியில் வெந்நீர் வராத அறைக்கு நாங்கள் கொடுத்தது 1,800. மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். உடனடியாகக் கைக்குக் கிடைப்பது 30,000 வரைதான், மீதியை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அடுத்த ஜூன் வரும், மழை வரும், ஜீப் வரும். மீண்டவர்கள் மறுபடி அதே ஜீப்பில் ஏறுவது இதனால்தான். இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று இனி போகிற இடமெல்லாம் கேட்பேன்.

பிப்ரவரி 10, செவ்வாய். திரும்பும் வழி

தோழி கூடலூரிலேயே தங்கிவிட்டாள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். ஜீப்புக்கு மொத்தக் கணக்கையும் முடிக்க ஓட்டுநர் அண்ணனைத் தேடினால், ஞாயிற்றுக்கிழமை 1,500 மட்டும் வாங்கிக்கொண்டார். நேற்று பாடிக்குப் போய்வந்ததற்கும், போன டயருக்கும் வாங்க மாட்டேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மேலே ஏறும்போது ஊசிமலைப் பக்கம் காட்டுத் தீத் தடுப்புக்காக வனத்துறையினர் சாலையோரப் புல்லை எரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் புகை, கண்ணெரிச்சல், எல்லாரும் ஜன்னலைச் சாத்தினோம். மேட்டுப்பாளையத்தில் தோழியின் போன் வந்தது. கடிதம் மின்னஞ்சலில் எல்லை தாண்டிப் போய்விட்டது, அந்தப் பக்கத்திலிருந்து பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்துவிட்டது, நாளை காலையில் ஆட்கள் தோட்டத்துக்குப் போகிறார்கள். அதிகாரிகளோடு இவளும் அந்த அண்ணனும் போகிறார்கள், ஆளை அடையாளம் காட்ட. ஓட்டுநராக யார் போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

எனக்கும் வேலை கொடுத்திருக்கிறாள். நோட்டின் நகல் என் பையில் இருக்கிறது. ஜூன் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு பக்கமாக, கர்நாடக அரசு அறிவித்த கூலி வீதப்படி இரண்டு பேருக்கும் எவ்வளவு வந்திருக்க வேண்டும், ஷெட் வாடகை, வட்டி, லீவு அபராதம் எல்லாவற்றையும் அடித்துவிட்டால் தோட்டக்காரர் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று மறுகணக்கு போட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறாள். ஜூன், ஜூலை முடித்துவிட்டேன்.